வீட்டில் பியர் செய்ய நினைப்பவருக்கு: திருகோணமலையிலிருந்து ஒரு வழிகாட்டி

மெல்பேர்னில் இருந்த ஒன்பது வருடமும் மாதம் ஒருமுறை வீட்டுக் கராஜில் இருபது லீற்றர் பியர் செய்வேன். அங்கே அதற்கு யாரிடமும் போய் நிற்கத் தேவையில்லை. விற்கக்கூடாது, வடித்துச் சாராயமாக்கக்கூடாது, அவ்வளவுதான். அம்மாவுக்கு வயதாகிவிட்டதென்று உப்புவெளிக்கே திரும்பியபோது வாளி, எயார்லொக் (புளிக்கும்போது வாயுவை வெளியே விடும் அடைப்பு), ஹைட்ரோமீற்றர் (கரைந்த சீனியை அடர்த்தியால் அளக்கும் கருவி), ஹொப்ஸ் (பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ), மோல்ட் டின் (முளைகட்டிய பார்லியின் சாறு) எல்லாவற்றையும் கார்கோப் பெட்டியில் ஏற்றிவிட்டேன். இங்கே சட்டம் என்ன சொல்கிறது என்று விசாரித்தது பெட்டி வந்து இறங்கிய பிறகுதான். அதற்கான பதில் எழுத்தில் என் கைக்கு வர நாலு மாதம் எடுத்தது. உங்களுக்கு அந்த நாலு மாதம் போகக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். இலங்கையில் வீட்டுப் பாவனைக்கென்றாலும் உரிமம் இல்லாமல் பியர் செய்வது குற்றம். இனி, எதை எந்த ஒழுங்கில் செய்வது என்று பார்ப்போம்.

1. "வீட்டுக்குத்தானே" என்ற பேச்சை விட்டுவிடுங்கள்

பியர், வைன், கள்ளு, சாராயம் எல்லாவற்றையும் இங்கே ஆளுவது 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம். எத்தனையோ தடவை திருத்தப்பட்டும் அதன் அடி மாறவில்லை: உரிமம் இல்லாமல் எந்த மதுபானத்தையும் உற்பத்தி செய்யக்கூடாது. இத்தனை லீற்றர் வரை வீட்டுக்கு விட்டிருக்கிறோம் என்று பியருக்கு ஒரு வாசகம்கூட அதில் கிடையாது.

வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். பிரித்தானியாவில் வீட்டுப் பியருக்கு உரிமம் தேவையில்லை. அமெரிக்காவின் மத்திய சட்டம் ஒருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 100 கலன், இரண்டு பேர் வளர்ந்தவர்கள் உள்ள வீட்டுக்கு 200 கலன் வரை வரியில்லாமல் விடுகிறது. அந்தப் பழக்கத்தில் "இங்கேயும் ஓர் அளவு இருக்கும், அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும்" என்று நினைத்துத்தான் நானும் ஒவ்வொரு படியாக ஏறினேன். அளவைத் தேடித் திரியாதீர்கள்.

இன்னொன்று. "உற்பத்தி" என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் பொருள் மிக அகலமானது. இயற்கையாக நடந்தாலும் செயற்கையாகச் செய்தாலும் மதுபானம் உண்டாகும் எந்தச் செயல்முறையும் அதற்குள் அடங்கும். ஆகவே "நான் அடுப்பே மூட்டவில்லை, அது தானாகப் புளித்தது" என்ற நியாயம் உதவாது.

ஊரில் எனக்குக் கிடைத்த ஆறுதல்கள் எல்லாம் பிழையானவை. "கசிப்பைத்தான் (கள்ளச்சாராயத்தைத்தான்) தேடுவார்கள், பியரை யார் பார்க்கப்போகிறார்கள்" என்றார் ஒருவர். பிடிபடும் வாய்ப்பு குறைவு என்பதும் சட்டப்படி சரி என்பதும் ஒன்றல்லவே. "கள்ளு இறக்குகிறார்களே" என்றார் இன்னொருவர். நிலாவெளிப் பக்கமோ மூதூர்ப் பக்கமோ, மரத்தில் கள்ளுச் சீவுவதற்கும் உரிமம் வேண்டும். நத்தாருக்கு முந்திரிகை வைன் ஊறப்போடும் வீடுகளைக் காட்டியவர்களும் உண்டு. அந்த வைனும் இதே சட்டத்துக்குள்தான் வருகிறது.

2. சாமான்களைப் பிரித்து வையுங்கள்

பலருக்குத் தெரியாத விஷயம் இது. மதுபானம் செய்வதற்கென்று மூலப்பொருளோ பாத்திரமோ கருவியோ வைத்திருப்பதையும் அதே சட்டம் தடுக்கிறது. ஒரு சொட்டுப் பியர் இல்லாவிட்டாலும் "எதற்காக வைத்திருக்கிறீர்கள்" என்ற கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும்.

எனக்கு இது புரிந்தது ஒரு சனிக்கிழமை. பெட்டியில் வந்த வாளியைக் கிணற்றடியில் வைத்துச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தேன். வாளியின் அடியில் பழைய மண்டி காய்ந்து மண்ணிறத்தில் ஒட்டியிருந்தது. வெந்நீர் பட்டதும் அந்தப் புளித்த மணம் எழும்பியது. பக்கத்து வீட்டு அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, உங்கட பக்கமிருந்து கோடா மணம் வருது. ஆரும் போன் பண்ணிச் சொன்னா என்ன செய்வீங்கள்?"

அவர் மிரட்டவில்லை, அக்கறையில் கேட்டார். கசிப்புக் காய்ச்சுபவர்கள் ஊறவைக்கும் கோடாவும் வாளியில் புளிக்கும் பியரும் மணத்தில் உறவுக்காரர்கள். இரண்டிலும் ஈஸ்ட் சீனியைத் தின்று மதுவையும் வாயுவையும் விடுகிறது. வாசலுக்கு வரும் உத்தியோகத்தருக்கு அந்த இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்கவேண்டிய கடமை இல்லை. மாதிரி எடுத்து அரச பகுப்பாய்வாளருக்கு அனுப்பினால் அறிக்கை சொல்லப்போவது மது இருக்கிறதா, எவ்வளவு என்பதைத்தான்.

ஆகவே சாமான்களை இப்படிப் பிரியுங்கள். பெரிய துருவேறாப் பானை, வெப்பமானி, தராசு, வடிதுணி: இவை சமையலறைச் சாமான்கள், சமையலறையிலேயே இருக்கட்டும். எயார்லொக் பூட்டிய வாளி, பியர் ஈஸ்ட் பைக்கற், "பியர்" என்று பெரிதாக எழுதிய மோல்ட் டின்: இவை மூன்றும் ஒன்றாக ஓரிடத்தில் இருந்தால் நோக்கத்தை அவையே சொல்லிவிடும். நான் எயார்லொக்கைக் கழற்றி எறிந்துவிட்டு, வாளியை அரிசி போட்டு வைக்க அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். காலாவதியாகியிருந்த டின்னைக் கொட்டினேன்.

3. வெளிநாட்டு உறவுகளிடம் முதலே சொல்லிவிடுங்கள்

நீங்கள் கேட்காமலே அன்பில் அனுப்பிவிடுவார்கள். கார்கோப் பெட்டியைச் சுங்கத்தில் திறந்து பார்ப்பார்கள் என்பதை மனதில் வையுங்கள்.

முக்கியமாக ஹொப்ஸ். பச்சை நிறத்தில், முயல் தீன்போல சிறுசிறு குளிகைகளாக வரும். ஹொப்ஸ் செடியும் கஞ்சாச் செடியும் ஒரே தாவரக் குடும்பம். மணமும் அப்படித்தான், பையைத் திறந்தவுடன் மூக்கில் ஏறும். நான் கொண்டுவந்தது லேபிள் இல்லாத சிப் பையில். பரிசோதித்தவர் பையை மூக்கருகே கொண்டுபோய்விட்டு என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. விளக்கம் சொல்லி, மேலதிகாரி வந்து, கடைசியில் அதை அங்கேயே விட்டுவிட்டு வரும்போது அரை நாள் போய்விட்டது. முளைக்கக்கூடிய பார்லித் தானியம் என்றால் தாவரத் தொற்றுக்காப்புக் கேள்விகளும் சேர்ந்துகொள்ளும்.

4. சந்தேகம் இருந்தால் எழுத்தில் கேளுங்கள், ஆனால் சரியாகக் கேளுங்கள்

நான் அதிகம் அடிபட்டது இந்தப் படியில், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஓர் அலுவலகத்துக்கு நேரில் போனேன். "இது எங்கட வேலையில்லை" என்று இன்னோர் இடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே வாய்மொழியாக ஒரு பதில், இரண்டு வாரம் கழித்து வேறொருவரிடமிருந்து அதற்கு நேரெதிரான பதில். பிறகு சாதாரணக் கடிதம் எழுதினேன். ஆறு வாரம் ஒன்றும் வரவில்லை.

வேலை செய்த வழி, தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். ஒவ்வொரு அரச அலுவலகத்திலும் ஒரு தகவல் உத்தியோகத்தர் இருக்கவேண்டும். மதுவரித் திணைக்களத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு விண்ணப்பம் எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, பிரதிகளுக்குத்தான் சிறு தொகை கேட்பார்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. இந்தச் சட்டம் இலங்கைப் பிரசைகளுக்கானது என்பதால் அடையாள அட்டைப் பிரதி ஒன்றை இணைத்துவிடுங்கள், பிறகு கேட்டு இழுபடாது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு எடுத்து இலங்கைப் பிரசாவுரிமையை விட்டவர்கள் வீட்டிலுள்ள ஒருவரின் பெயரில் கேட்பது நல்லது.

இதில் பெரிய பொறி கேள்வி கேட்கும் விதம். "நான் வீட்டில் பியர் செய்யலாமா?" என்று கேட்டால் பதில் கிடைக்காது. இந்தச் சட்டம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் தகவலையும் ஆவணத்தையும் தருவதற்கானது, உங்களுக்குச் சட்ட ஆலோசனை சொல்வதற்கானது அல்ல. என் முதல் விண்ணப்பம் அதனால்தான் திரும்பி வந்தது. இரண்டாவதில் இப்படிக் கேட்டேன்: பியர் உற்பத்திக்கு வழங்கப்படும் உரிம வகைகளின் பட்டியல், ஒவ்வொன்றுக்குமான விண்ணப்பப் படிவம், நிபந்தனைகள், கட்டணம் பற்றிய வர்த்தமானி அறிவித்தலின் பிரதி, தனிப்பட்ட பாவனைக்கான விலக்களிப்பு ஏதேனும் இருந்தால் அந்த ஆவணத்தின் பிரதி. கடைசி வரிதான் உயிர்நாடி. அந்த வரிக்கு வரும் பதிலிலேயே நீங்கள் தேடிய விடை இருக்கும்.

காலம்: தருவதா மறுப்பதா என்ற தீர்மானம் 14 வேலை நாட்களுக்குள் வரவேண்டும். தருவதென்று முடிவானபின் தகவலைத் தர இன்னும் 14 நாள், தேவையென்றால் அதற்கு மேல் 21 நாள் வரை நீடிக்கலாம். வேலை நாள் என்பதைக் கவனியுங்கள். சித்திரைப் புத்தாண்டு, வெசாக் எல்லாம் நடுவில் வந்தால் அந்த 14 நாள் ஒரு மாதமாகிவிடும். மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ 14 நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு செய்யலாம். அதற்கும் பலனில்லையென்றால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை விண்ணப்பப் பிரதியோடு ஊசி குத்தி வையுங்கள். நேரில் கொடுத்தால் கிடைத்ததற்கான ஒப்புகையை வாங்காமல் வெளியே வராதீர்கள். இரண்டு விண்ணப்பத்துக்கும் தபால், போட்டோக் கொப்பி எல்லாம் சேர்த்து எனக்கு ஆயிரம் ரூபாய்க்குள்தான் முடிந்தது. செலவானது நாட்கள்தான்.

5. "உரிமம் எடுத்தே செய்வோம்" என்பவர்களுக்கு

சுருக்கமாகச் சொல்கிறேன். பியர் உற்பத்தி உரிமம் அதைத் தொழிலாகச் செய்பவர்களுக்கானது. கம்பனிப் பதிவு, சுற்றாடல் பாதுகாப்பு உரிமம், மதுவரித் திணைக்களத்தின் மேற்பார்வை என்று போகும். உப்புவெளியில் மூன்று அறை விருந்தினர் விடுதி வைத்திருப்பவரின் பின்வளவுக்குப் பொருந்தும் விஷயமல்ல. விடுதிக்காரர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: வெள்ளைக்கார விருந்தினர் தன் நாட்டில் செய்வதாகச் சொன்னார் என்பதற்காக உங்கள் குசினியில் இடம் கொடுக்காதீர்கள். கட்டடம் உங்கள் பெயரில் இருக்கிறது. அவர் விமானம் ஏறிவிடுவார்.

6. சோதனைக்கு வந்தால்

மதுவரி உத்தியோகத்தர்களுக்கும் பொலிஸாருக்கும் நுழைந்து சோதிக்கவும் கைப்பற்றவும் அதிகாரம் உண்டு. தடுக்காதீர்கள், பின்பக்கத்தால் எதையும் கொட்டாதீர்கள். அடையாள அட்டையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். எடுத்துச்செல்லும் பொருட்களின் விபரத்தை எழுத்தில் கேளுங்கள். உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், தமிழில் வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

வழக்கு நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். அபராதத்தைக் கட்டினால் முடிந்தது என்று யாராவது சொன்னால், உடனே தலையாட்டாமல் முதலில் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. இளம் பிள்ளைகள் இதைக் கவனமாக வாசிக்கவேண்டும்: வெளிநாட்டு விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது பொலிஸ் சான்றிதழ் கேட்பார்கள். இருபது லீற்றர் பியருக்காக வந்த தீர்ப்பு அங்கே வந்து நிற்கும்.

7. கை துறுதுறுத்தால்: ஈஸ்ட் இல்லாத வழி

பியர் செய்பவருக்குக் குடிப்பதைவிடச் செய்வதில்தான் ஆசை, எனக்குத் தெரியும். அந்த ஆசைக்கு ஒரு வழி இருக்கிறது. புளிக்கவைக்காமல், சாற்றைக் காய்ச்சிக் குளிரவைத்து, குடிக்கும் நேரத்தில் சோடா சேர்ப்பது. நான் இப்போது செய்வது இஞ்சியில்.

இஞ்சி கால் கிலோ, தோல் சீவி இடித்து, ஒரு லீற்றர் தண்ணீரில் இருபது நிமிடம் கொதிக்கவிடுங்கள். கறுவாப் பட்டை ஒரு துண்டு, கிராம்பு நாலு. வடித்து, அரைக் கிலோ சீனி கரைத்து, ஆறியபின் இரண்டு தேசிக்காய் பிழிந்து குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மொத்தம் ஐந்து லீற்றர் வரும்படி சோடா சேர்த்தால், வெளிநாட்டில் செய்த எந்தப் பியருக்கும் பின்நிற்காத காரம் இருக்கும்.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது, திருகோணமலை வெயில். ஒருமுறை கொதிக்கவைக்காமல், பச்சை இஞ்சிச் சாற்றில் சீனி கரைத்து, மூடிவைத்து மறந்துபோனேன். மூன்றாம் நாள் மூடியைத் திறந்தபோது ஓரமெல்லாம் ஊசிமுனைக் குமிழ்கள். ஹைட்ரோமீற்றரை இறக்கினேன். முதல் நாள் 1.040 காட்டியது அன்று 1.034. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 131.25ஆல் பெருக்கினால் மதுவின் வீதம் வரும்: ஏறக்குறைய 0.8. ஈஸ்ட் என்று ஒரு மணிகூட நான் போடவில்லை. இஞ்சித் தோலில் அது இயல்பாகவே ஒட்டியிருக்கிறது. அப்படியே தென்னையடியில் ஊற்றினேன். ஆகவே கட்டாயம் கொதிக்கவையுங்கள், தோலைச் சீவுங்கள், வெளியே வைக்காதீர்கள், ஐந்து நாளுக்குள் முடியுங்கள். இறுக்கி மூடிய கண்ணாடிப் போத்தலில் சீனிச் சாற்றை வெளியே வைத்தால் வாயு கட்டிப் போத்தல் வெடிக்கும். பிள்ளைகள் ஓடித்திரியும் வீட்டில் அது விளையாட்டல்ல.

ஹைட்ரோமீற்றர் வைத்திருப்பவர்களுக்கு: பல 20 பாகை செல்சியசுக்கு அளவிடப்பட்டவை. அப்படியானவை நமது 30 பாகையில் ஏறக்குறைய 0.0025 குறைத்துக் காட்டும், அதைக் கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டு அளவீடுகளையும் ஒரே வெப்பநிலையில் எடுத்தால் வித்தியாசம் சரியாகவே வரும்.

8. அதை விற்க நினைத்தால்

அயலார் ருசி பார்த்துவிட்டு விலைக்குக் கேட்பார்கள். நல்லது, ஆனால் கடதாசி வேலையை முதலில் முடியுங்கள். அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தர் சான்றிதழ், வீட்டு உறுதி அல்லது வாடகை ஒப்பந்தத்தின் பிரதி ஆகியவற்றோடு வியாபாரப் பெயர்ப் பதிவுக்காகப் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். நகரத்தவர்களுக்கு "பட்டணமும் சூழலும்" என்ற பெயருள்ள பிரதேச செயலகம். காணி அம்மாவின் பெயரில் இருந்தால் அவருடைய சம்மதக் கடிதமும் தேவைப்படும். எனக்கு அந்தக் கடிதம் இல்லாமல் ஒரு நடை வீணானது.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து குசினியைப் பார்ப்பார். கிணற்றுத் தண்ணீரா குழாய்த் தண்ணீரா என்பதைத்தான் முதலில் கேட்டார். கிணறென்றால் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். சுவர், வலை, மூடிய குப்பைத்தொட்டி, கைகழுவும் இடம் இவற்றை அவர் வருமுன் சரிசெய்தால் இரண்டாம் வருகை தேவைப்படாது.

லேபிளில் கவனம் வேண்டும். பொருளின் பெயர், உள்ளடக்கம், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, நிறை அல்லது கொள்ளளவு, உங்கள் விலாசம் எல்லாம் வரவேண்டும். பானங்களுக்குச் சீனியின் அளவைக் காட்டும் நிற வட்டம் 2016 முதல் கட்டாயம்: நூறு மில்லிலீற்றரில் 2 கிராமுக்குக் குறைவென்றால் பச்சை, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. மேலே சொன்ன அளவில் செய்தால் 10 கிராம், செம்மஞ்சள். சீனியை ஒரு கை கூட்டினால் சிவப்புக்குப் போய்விடும், அச்சடித்த லேபிள் எல்லாம் வீண். இன்னொன்று, பெயரில் "பியர்" என்ற சொல்லே வேண்டாம். இஞ்சிப் பானம் என்று போடுங்கள், கேள்விகள் பாதியாகக் குறையும்.

கடைசியாக, உள்ளூராட்சிச் சபையின் வியாபார அனுமதிப்பத்திரம். அது எடுத்த நாளிலிருந்து ஒரு வருடமல்ல, டிசம்பர் 31 வரைக்கும்தான். நவம்பரில் வேலை தொடங்குபவர்கள் பெயர்ப் பதிவையும் பி.எச்.ஐ. பரிசோதனையையும் ஆண்டு முடியுமுன் முடித்துவைத்துவிட்டு, அனுமதிப்பத்திரத்துக்கு ஜனவரி முதல் வாரம் போங்கள்.